தலைக்கு மேல் வெயில்

“மாடியறையில் மனுஷர் படுக்க முடியாது, வேண்டுமானால் அப்பளம் சுடலாம்” என்று அம்மா ஒருநாள் டெலிபோனில் சொன்னாள். நான் சிரித்தேன். சிரித்தது எவ்வளவு பெரிய தப்பு என்பது அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. 2024-ஆம் வருஷம் மே மாதம், கத்திரி வெயிலின் நடு மத்தியில், திண்டிவனத்து வீட்டு மாடியறையில் அம்மா மயங்கி விழுந்தாள். கீழ்ப் போர்ஷனில் குடியிருக்கும் பெண் தற்செயலாக மோர் கொடுக்கப் போயிராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ, நினைக்கவே பயமாயிருக்கிறது.

திண்டிவனத்து வீடு அப்பா கட்டியது. 1979-ல் பிராவிடண்ட் பண்டில் கடன் வாங்கி, ஒவ்வொரு செங்கல்லையும் தட்டிப் பார்த்துக் கட்டினார். அவர் காலமான பிறகு அம்மா கீழே வாடகைக்கு விட்டுவிட்டு மாடிக்குக் குடியேறினாள். அந்த வாடகைதான் அவளுக்குப் பென்ஷன். மருந்துக்கும் பாலுக்கும் யாரிடமும் கை நீட்டாமல் இருக்கிறாள் என்றால் அதனால்தான். ஆனால் மாடிக்கு மேலே வெறும் கான்கிரீட் தளம். அதற்கு மேலே சூரிய பகவான். நடுவில் ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் குடும்ப மகாநாடு கூடியது. விழுப்புரத்தில் இருக்கும் என் அண்ணன், “இனிமேல் நீ தனியாக இருக்கிறது கிடையாது. எங்களோடு வந்துவிடு” என்று தீர்மானம் கொண்டுவந்தான். அண்ணி ஆமோதித்தாள். நானும் கையைத் தூக்கினேன். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் சுமார் 40 கிலோமீட்டர்தான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். அம்மாவுக்கோ அது வேறு தேசம். எதிர்த்து ஓட்டுப் போட ஒருவரும் இல்லாததால் மூட்டை கட்டினாள்.

அண்ணன் வீட்டில் தனி அறை இல்லை. ஹாலை இரண்டாகத் தடுத்து அம்மாவுக்கு ஓர் அறை செய்வது என்று முடிவாயிற்று. செங்கல், மணல், சிமெண்டு என்றால் ஒரு மாதம் வீடு குப்பையாகும். அப்போதுதான் ஒரு கான்ட்ராக்டர், “டிரைவால் போட்டுவிடலாம், ஸார். நாலே நாளில் முடிந்துவிடும்” என்றார். சொன்னபடியே நாலாம் நாள் சுவர் நின்றது. பெயிண்ட் அடித்த பிறகு, அது செங்கல் சுவர் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மா மட்டும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள். ‘டொக், டொக்’ என்றது.

“இது சுவரா, அட்டைப் பெட்டியா?” என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் பாதி நிஜம். டிரைவால் என்பது என்ன என்று நான் அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கை ஒடிந்தால் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுகிறார்களே, அதே மாவுதான். ஜிப்சம் என்ற மண்கல்லைச் சுமார் 150 டிகிரியில் வறுத்தால் அதிலுள்ள தண்ணீரில் முக்கால் பங்கு ஆவியாகிப் ‘பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்’ மாவு கிடைக்கும். தண்ணீர் விட்டுக் குழைத்தால் மறுபடி கல்லாக இறுகும். அந்தக் குழம்பை இரண்டு கெட்டிக் காகிதங்களுக்கு நடுவே ஊற்றிப் பலகையாக வார்த்தால், அதுதான் ஜிப்சம் பலகை. இந்த யோசனைக்கு 1894-ல் அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் பேட்டண்ட் வாங்கினார். நம் நாட்டில் ஜிப்சம் அதிகம் கிடைப்பது ராஜஸ்தானத்தில். நம் திருச்சி, பெரம்பலூர்ப் பக்கத்துப் பூமியிலும் உண்டு.

இங்கே கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பலகை ஆறடி நீளம், நாலடி அகலம், அரை அங்குலக் கனம். தரையிலும் கூரையிலும் தகரச் சட்டம் பதித்து, நடுவே இரண்டடிக்கு ஒன்றாகக் கால்கள் நிறுத்தி, இரு புறமும் பலகையைத் திருகாணியால் முடுக்குவார்கள். இணைப்புகளில் காகித நாடா ஒட்டி, மேலே பசை போட்டு இழைத்துவிட்டால் சுவர் ரெடி. இதில் ஒரு நல்ல குணமும் உண்டு. இறுகிய ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். தீப்பிடித்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகி முடிகிற வரையில் சுவர் நெருப்பைத் தடுத்து நிறுத்தும். கெட்ட குணம் என்ன என்பதை விழுப்புரத்தில் எங்களுக்கு வருண பகவான் சொல்லிக் கொடுத்தார்.

அதற்கு முன்னால் இன்னொரு பாடம். அம்மா தன் அறையில் முதல் காரியமாக அப்பாவின் படத்தை மாட்டினாள். அந்தக் காலத்துத் தேக்குச் சட்டம், கண்ணாடி போட்ட கனமான படம். அன்று ராத்திரியே ஆணி பெயர்ந்து படம் கீழே விழுந்தது. கண்ணாடி சுக்கு நூறாயிற்று. அம்மா ஒன்றும் பேசவில்லை. சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிவிட்டு, படத்தைப் பெட்டிக்குள் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். கனமான சாமான் மாட்டப்போகும் இடத்தில் பலகைக்குப் பின்னால் முன்கூட்டியே ஒரு பிளைவுட் துண்டு வைத்துச் சட்டத்தோடு முடுக்கியிருக்க வேண்டுமாம். கான்ட்ராக்டர் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. கரையேறிய புயல் நகர மனமில்லாமல் உட்கார்ந்து கொட்டித் தீர்த்தது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில் உள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ஆற்றுப் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நின்றன. விழுப்புரத்தில் தெருத் தெருவாக வெள்ளம். அண்ணன் வீட்டு ஹாலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியது. எல்லோரும் எதிர்வீட்டு மாடியில் இரண்டு ராத்திரி இருந்தார்கள்.

தண்ணீர் வடிந்து திரும்பி வந்து பார்த்தால், செங்கல் சுவர்கள் கறையோடு நின்றன. அம்மாவின் அறைச் சுவர் மட்டும் நிற்கவில்லை. திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி பலகை தண்ணீரை இடுப்பு உயரம் உறிஞ்சியிருந்தது. காகிதம் உப்பி உரிந்து தொங்கியது. உள்ளேயிருந்த மாவு கையோடு வந்தது. நாலைந்து நாளில் கறுப்புப் பூஞ்சை பூத்து மூக்கைத் துளைத்தது.

“சுவர் கரைந்தது என்று கதையில்தான் கேட்டிருக்கிறேன்” என்றாள் அம்மா. பிறகு, மிகவும் சாந்தமாக, “திண்டிவனம் பஸ் எத்தனை மணிக்கு?” என்று கேட்டாள்.

அண்ணனுக்கு ரொம்ப வருத்தம். “மறுபடி அந்த அடுப்புக்குள் போய் உட்காரப் போகிறாயா, அம்மா?” என்றான். நான் நடுவில் புகுந்து, “அடுப்பை அணைக்க வழி இருக்கிறதா என்று பார்க்கலாம். கத்திரிக்குள் முடியாவிட்டால் அம்மா என்னோடு சென்னைக்கு வரட்டும்” என்று ஒப்பந்தம் பேசினேன். என் ஃபிளாட்டில் ஜன்னலைத் திறந்தால் எதிர் ஃபிளாட்டின் ஜன்னல்தான் தெரியும். அம்மாவை அங்கே கொண்டு வைப்பதை நினைக்க எனக்கே பிடிக்கவில்லை. எனவே ஜனவரி, பிப்ரவரிக்குள் அந்த மாடியறையைக் குளிரப் பண்ணியே ஆகவேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

முதலில் வந்தவர் கையில் ஒரு போன். அதில் விதவிதமான ஃபால்ஸ் ஸீலிங் படங்கள்: தாமரைப்பூ மாதிரி ஒன்று, கப்பல் மாதிரி ஒன்று, உள்ளே ஊதா விளக்கு எரிவது ஒன்று. “போர்டு அடித்துவிட்டால் போதும், மேடம். அப்புறம் ஊட்டிதான்!”

“போர்டுக்கும் தளத்துக்கும் நடுவே என்ன வைப்பீர்கள்?” என்று கேட்டேன்.

“ஒன்றும் இல்லை, மேடம். காற்றுதான்.”

விழுப்புரத்தில் சுட்டுக்கொண்ட கை அல்லவா? “யோசித்துச் சொல்கிறேன்” என்று அனுப்பிவிட்டு நிஜமாகவே யோசித்தேன். எங்கள் பாட்டி வீடு மயிலம் பக்கத்துக் கிராமத்தில் கரும்புத் தோகை வேய்ந்த கூரை வீடு. சித்திரை மத்தியானத்தில்கூட உள்ளே போனால் ஜில்லென்றிருக்கும். தோகையில் என்ன மந்திரம்? தோகைக்கும் தோகைக்கும் நடுவே லட்சம் சந்துகளில் காற்று அசையாமல் சிறைப்பட்டுக் கிடக்கிறது. அசையாத காற்று உஷ்ணத்தைச் சுலபத்தில் கடத்தாது. கம்பளிப் போர்வையின் ரகசியமும் அதுதான். பலகைக்கு மேலே வெறும் இடைவெளி விட்டால், சுட்ட தளம் கணப்புச் சட்டி மாதிரி கீழே உள்ள பலகையைக் காய்ச்சும். இடையிலுள்ள காற்று அந்த அனலை மறிக்காது. கொஞ்சம் குறையுமே தவிர, ஊட்டி வராது. பலகை என்பது தோல்தான். அதற்கு மேலே போர்வை வேண்டும்.

அந்தப் போர்வைதான் கண்ணாடிப் பஞ்சு. கண்ணாடியை உருக்கி மயிரிழையாக இழுத்து, மெத்தை மாதிரி அடைத்திருப்பார்கள். வியாபாரிகள் ‘கிளாஸ் வுல்’ என்பார்கள். ஓர் அங்குலக் கண்ணாடிப் பஞ்சு உஷ்ணத்தைத் தடுப்பதில் ஏறக்குறைய மூன்றடிக் கனக் கான்கிரீட்டுக்குச் சமம் என்றால் ஆச்சரியமாக இல்லையா? மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பு 2018-ல் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்று வீடுகளுக்கு ஒரு விதி வகுத்தது. வெளியே உள்ளே ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் கூரை வழியாக 1.2 வாட்டுக்கு மேல் உஷ்ணம் இறங்கக்கூடாது என்பது அதில் ஒன்று. வெறும் கான்கிரீட் தளம் அந்த அளவைப் போல் இரண்டரை மூன்று மடங்கு இறக்கும். அடியில் இரண்டங்குலப் பஞ்சு இருந்தால் வரம்புக்குள் தாராளமாக அடங்கிவிடும்.

இரண்டாவதாக வந்தவர் அப்பா காலத்து மேஸ்திரி. எழுபதைத் தாண்டியவர். அம்மாவின் நாமினேஷன்.

“பாப்பா, பஞ்செல்லாம் எதுக்கு? சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு, கடுக்காய்த் தண்ணி, வெல்லத் தண்ணி தெளிச்சு, பொம்பளையாளுங்க வரிசையா உட்கார்ந்து மரக்கட்டையாலே தட்டணும். அதுமேலே தட்டோடு. அந்தக் காலத்துத் தளம் எல்லாம் அப்படித்தான்” என்றார். அம்மாவின் முகம் மலர்ந்தது.

மேஸ்திரி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் வாங்கிய பழைய வீடுகள் கோடையில் குளுமையாக இருக்கக் காரணங்களில் ஒன்று, மேலே கனமாகத் தட்டிப் போட்ட அந்தச் சுண்ணாம்புத் தளம். புது வீடு கட்டுகிறவர்கள் இன்றும் தாராளமாகப் போடலாம். ஆனால் எங்கள் தளத்தைப் பார்க்க ஒரு சிவில் என்ஜினீயரை அழைத்து வந்தேன். அவர் சுத்தியலால் அடித்தளத்தைத் தட்டிக்கொண்டே போனார். இரண்டு இடங்களில் பூச்சு உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி பல்லைக் காட்டியது. “நாலங்குலம் ஜல்லித் தளம் போட்டால் சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல் பாரம் ஏறும். இந்தத் தளத்துக்கு அது வேண்டாம்” என்றார். என்ஜினீயருக்குக் கொடுத்த பீஸ்தான் இந்த வேலையில் நான் செய்த உருப்படியான முதல் செலவு.

அதன்பின் வரிசை தெளிவாயிற்று. முதலில் துருவைச் சுரண்டிக் கம்பியையும் பூச்சையும் பழுது பார்ப்பது. இரண்டாவது, மேல் தளத்து வெடிப்புகளை அடைப்பது. மூன்றாவது, மேலே வெள்ளை அடிப்பது. வெறும் கான்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். பளிச்சென்ற வெள்ளைப் பூச்சோ பெரும்பகுதியை ஆகாயத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். வெயில் உள்ளே வந்த பிறகு விசிறுவதைவிட வாசலிலேயே நிறுத்துவது மேல் அல்லவா? ஆமதாபாத் நகரம் 2013-ல் வெயிலுக்கென்று திட்டம் வகுத்தது. பிறகு ஏழை வீடுகளின் கூரைகளுக்கு வெள்ளையடிப்பதும் அதில் சேர்ந்தது. தெலங்கானா 2023-ல் குளிர் கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. நாலாவதாகத்தான் உள்ளே பஞ்சும் பலகையும்.

மூன்றாவது கான்ட்ராக்டர் திண்டிவனத்துக்காரர். அவரை உட்கார வைத்துக் கல்யாணத்துக்குப் பிள்ளை பார்க்கிற மாதிரி கேள்வி கேட்டேன். நீங்களும் கேட்கலாம் என்பதற்காக இங்கே சொல்லி வைக்கிறேன்.

பலகைக்கும் தளத்துக்கும் நடுவே என்ன, எத்தனை அங்குலம்? இதுதான் முதல் கேள்வி. தெர்மாகோல் என்றால், சுலபத்தில் தீப்பிடிக்கும், மின்சாரக் கம்பி ஓடுகிற இடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பலகையின் பின்புறம் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 2095 என்ற எண்ணும் இருக்குமா? தகரச் சட்டத்தின் கனம் என்ன? விலை மலிவு என்றால் சட்டம் மெலிவு என்று அர்த்தம். மின்விசிறி எதிலிருந்து தொங்கும்? தளத்திலுள்ள கொக்கியிலிருந்துதான் தொங்கவேண்டும். பலகைக்கு அந்தப் பாரம் ஆகாது. கூரை எவ்வளவு இறங்கும்? பத்தடி உயரமுள்ள அறையில் நாலங்குலத்துக்கு மேல் இறக்க நான் சம்மதிக்கவில்லை. தளத்தில் பின்னால் ஒழுக்கு வந்தால் எப்படித் தெரியும்? எட்டிப் பார்க்க ஒரு மூலையில் கதவு வைக்கவேண்டும். கண்ணாடிப் பஞ்சு உடம்பில் பட்டால் அரிக்கும். ஆகவே வேலையாட்களுக்கு முகமூடியும் கையுறையும் யார் பொறுப்பு? சதுர அடி ரேட்டில் வயரிங்கும் பெயிண்டும் சேர்ந்ததா?

பதிலையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். பணம் நாலு தவணை. கடைசித் தவணை, எல்லாம் முடிந்து, வரும் முதல் மழைக்குப் பிறகு. அவர் கொஞ்சம் முகம் சுளித்தார். பிறகு, “அம்மாவுக்காகத்தானே, செய்யலாம்” என்றார். ஒப்புக்கொள்ளாதவராக இருந்தால் நான்காவது ஆளைத் தேடியிருப்பேன்.

அம்மா தானாகவே சூபரின்டெண்டெண்ட் ஆகிவிட்டாள். வெடிப்பு அடைத்த பிறகு மொட்டை மாடியில் இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்திச் சோதித்தார்கள். அம்மா கீழே அறையில் நாற்காலி போட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒரு மூலையில் ஈரம் காட்டிற்று. “மறுபடி அடை” என்று ஒரே வார்த்தை. மறுபடி அடைத்தார்கள், மறுபடி தண்ணீர் கட்டினார்கள். மூன்றாம் முறைதான் அம்மா தலையை ஆட்டினாள். அதற்கப்புறமே பலகை மாடி ஏறிற்று. ஒழுக்குள்ள தளத்துக்கு அடியில் பலகை அடிப்பது, புண்ணுக்கு மேல் பட்டுத் துணி போர்த்துகிற மாதிரி. விழுப்புரத்தில் கீழிருந்து ஏறிய தண்ணீர் இங்கே மேலிருந்து இறங்கும். கரைவது என்னவோ ஒரே ஜிப்சம்தான்.

அப்படியானால் ஜிப்சம் பலகையே ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும். காய்ந்த மாடியறையில், உள்தடுப்பாக, கூரைக்கு அடியில் ஆகும். குளியலறை, சமையலறைத் தொட்டி, வெள்ளம் வரும் தெருவில் கீழ்வீடு, வெளிச் சுவர் இவற்றுக்கு ஆகாது. பச்சைக் காகிதப் பலகை ஈரத்தைச் சற்றுத் தாங்கும்; வெள்ளத்தைத் தாங்காது. தடுப்புச் சுவராகப் போட்டால் பலகை தரையைத் தொடாமல் அரை அங்குலம் உயர்ந்து நிற்கட்டும். தினம் தண்ணீர் விட்டுத் துடைக்கிற வீடுகள் அல்லவா நம்முடையவை!

மார்ச் முதல் வாரத்தில் வேலை முடிந்தது. 2025 மே மாதம் கத்திரி பிறந்ததும் நான் லீவு போட்டுவிட்டுத் திண்டிவனம் போனேன். மத்தியானம் இரண்டு மணிக்கு மாடிப்படி ஏறுகையில் நெஞ்சு படபடத்தது. அறைக்குள் அம்மா பாயில் படுத்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது வீசியது காற்று. முன்பு வீசியது அனல். ஊட்டி என்று சொல்ல மாட்டேன். மே மாதத்துத் திண்டிவனம்தான். ஆனால் மனுஷர் படுத்துத் தூங்கக்கூடிய திண்டிவனம். எதிரே செங்கல் சுவரில், புதுக் கண்ணாடி போட்டு, அப்பாவின் படம்.

சாயங்காலம் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு அம்மா ஒரு புகார் சொன்னாள்.

“எல்லாம் சரிதான்டி. ஆனால் நீ அடித்த வெள்ளையிலே ஒரு கஷ்டம். முன்னேயெல்லாம் மொட்டை மாடியிலே வடாம் போட்டால் தளத்துச் சூட்டிலேயே ஒரே நாளில் காய்ந்துவிடும். இப்போ இரண்டு நாள் ஆகிறது.”

என் வாழ்நாளில் நான் வாங்கிய சர்ட்டிபிகேட்டுகளில் இதற்கு ஈடானது வேறொன்று இல்லை. இரண்டாம் நாள் காய்ந்த வடாமில் ஒரு டப்பா எனக்கு, ஒரு டப்பா விழுப்புரத்துக்கு.